நாற்பத்தோராம் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொச்சை உரிப்பது அம்பிகாவின் வேலை. அந்த வீட்டில் அதற்கு வேறு ஆள் கிடையாது. புருஷன் மோகன்குமார் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தார். மூத்த மகளை நத்தத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே சாக்கை விரித்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், விரல்கள் தாமாக உரித்துத் தள்ளும். இருபது வருஷமாகக் கணினி விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டிப் பழகிய விரல்கள். காயையும் அவை பார்க்கச் சொல்வதில்லை.

மொச்சைக்காய் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தது. கொண்டுவந்தவள் பானுப்ரியா, அம்பிகாவின் அக்கா நாகஜோதியின் மகள்.

"அம்மா குடுத்து விட்டாங்க சித்தி. காலையில சந்தைக்கு வந்த காய்ங்க. புழு இருந்தா அம்மாவத்தான் கேக்கோணுமாம், என்னையக் கேக்கக் கூடாதாம்" என்று முதல் நாளே பையை இறக்கி வைத்திருந்தாள்.

பானு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள். தேர்வு மையம் திண்டுக்கல்லில் என்பதால் நாலு நாள் சித்தி வீட்டில் தங்கல். நாளைக்குக் காலையில் முதல் தேர்வு. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"சித்தி, குடும்பத்தோட பணிகள் ஏழா எட்டாங்க?"

"ஏழு. கடைசில பொழுதுபோக்குன்னு ஒண்ணு வரும், அதை எல்லாரும் விட்டுருவாங்க."

"பாக்காமலே சொல்றீங்களே!"

"எத்தனை தடவை அடிச்சிருப்பேன் அதை."

பானு சிரித்தாள். அவள் பேச்சில் 'ங்க' விழும் ஒவ்வொரு தடவையும் அம்பிகாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று லேசாக இடறும். பிள்ளையின் நாக்கு ஒட்டன்சத்திரத்து நாக்கு. அதில் திண்டுக்கல் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருக்க வழியும் இல்லை. அம்பிகா பெற்று, பதினேழாம் நாளே அக்காவுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளை அது.

சொந்தத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். பானுவுக்கு மட்டும் தெரியாது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்பிகாவுக்கு வேலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மைதீன் பிச்சையின் நகலகத்தில். ஜெராக்ஸ், பைண்டிங், தட்டச்சு. அதைவிட நோட்ஸ். வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல், தமிழ் இலக்கியம் என்று எந்தப் பட்டம் படிக்கிறவர்களுக்கும் அந்தக் கடையில் நோட்ஸ் உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ராயப்பராஜ் கையால் எழுதிக் கொடுப்பார். அம்பிகா தட்டச்சு செய்வாள். மைதீன் பிச்சை சுருள் கம்பி கோத்து அடுக்குவார். தேர்வு நெருங்கினால் கடை வாசலில் பஸ் கண்டக்டர், நர்ஸ், போலீஸ்காரர், கைக்குழந்தைக்காரி எல்லாரும் நிற்பார்கள்.

"அக்கா, நிலச்சீர்திருத்தம் வருமா?"

"போன தடவை வந்துருச்சு. பஞ்சாயத்து ராஜ் படிச்சுட்டுப் போங்க."

பெரும்பாலும் வந்துவிடும். "எங்க அம்பிகாம்மா வாயில வந்தா கேள்வித்தாள்ல வந்த மாதிரி" என்று மைதீன் பிச்சை கல்லாவிலிருந்து சத்தம் கொடுப்பார். "அது மட்டும் பரீட்சை எழுதியிருந்தா இந்நேரம் கலெக்டரு. நான் டீ வாங்கிக் குடுக்க வேண்டியிருந்திருக்கும்."

அம்பிகாவும் எழுதத்தான் செய்தாள். அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம். இரண்டு தாள் பாக்கி இருந்தபோது வயிற்றில் இரண்டாவது. பிரசவமான இருபத்தோராம் நாள் தேர்வு. கட்டிலில் பிள்ளை ஒரு பக்கமும் பொது நிதியியல் புத்தகம் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். மூத்ததற்கு அப்போது மூச்சிரைப்பு. இடுப்பை விட்டு இறங்காது. நாகஜோதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. பிரசவம் பார்க்க வந்தவள் பிள்ளையைக் கீழே வைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எனக்குக் குடுத்துருடி. நீ படிக்கவும் தோதா இருக்கும்."

முதல் தடவை கேட்டபோது அம்பிகா சிரித்தாள். இரண்டாம் தடவை பேசாமல் இருந்தாள். மூன்றாம் தடவை, புத்தகத்தில் விரலை வைத்தபடியே, "எடுத்துக்கக்கா" என்றாள். ஒரு பிள்ளை என்றால் படித்துவிடலாம், இரண்டு என்றால் முடியாது என்று அந்த நிமிஷத்தில் ஒரு கணக்கு. அவ்வளவுதான். யாரும் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

நாலாம் நாள் தேர்வுக் கூடத்தில் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் கொதித்தது. அரைமணி நேரத்தில் ரவிக்கை நனைந்து, விடைத்தாள் ஓரமும் நனைந்தது. எழுந்து வந்துவிட்டாள். அப்புறம் அந்தத் தாள்களை அவள் எழுதவே இல்லை. புத்தகங்கள் மட்டும் ஒரு மஞ்சள் பையில் பரண்மேல் கிடக்கின்றன.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்வு சமயம். சமூகவியல் நோட்ஸ், குடும்பம் என்ற பாடம். 'குடும்பத்துக்குள் தத்து' என்ற தலைப்பு வந்ததும் ராயப்பராஜ் எழுதிய தாள்கட்டில் அடுத்த தாளைக் காணோம். நாற்பத்தோராம் பக்கம். அங்கே ஒரு சான்று இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் மகன் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டார், போனும் கிடைக்கவில்லை. வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"நீயே எதையாச்சும் போட்டு நிரப்பிருத்தா" என்றார் மைதீன் பிச்சை. "சான்றுதான? திருத்துறவன் என்ன நேர்ல போயி விசாரிக்கவா போறான்?"

அம்பிகா பத்து நிமிஷத்தில் நிரப்பினாள். யோசிக்கவே இல்லை. நோட்ஸ் நடை கைக்குப் பழகியிருந்ததால் எல்லாம் அதில் அடங்கி உட்கார்ந்துகொண்டது. கடைசி வரிக்கு வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, 'இம்முடிவு குடும்பப் பெரியவர்களால் எடுக்கப்பட்டது; பெற்ற தாயிடம் கருத்துக் கேட்கப்படவில்லை' என்று தட்டி, முற்றுப்புள்ளி வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரிதான் பொய்.

அதை எழுதிய பிறகு கொஞ்ச நாள் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அச்சில் பார்த்தால் யாருக்கும் ஒரு நம்பிக்கை வரத்தான் செய்யும். அடுத்த வருஷம் ராயப்பராஜ் வேறு சான்று எழுதிக் கொடுத்தார். பழைய மூலப்பிரதியை மைதீன் பிச்சை எடைக்குப் போட்டார். அத்தோடு தொலைந்தது என்று அம்பிகா நினைத்தாள். நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று தேய்ந்த எழுத்தோடு அது பழனிப் பக்கமும் ஒட்டன்சத்திரப் பக்கமும் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பது, அந்தத் தொழிலிலேயே இருக்கிறவளுக்குத் தோன்றாமல் போயிற்று.

"சித்தி, தத்துக்கு ஒரு சான்று இருக்குங்க. சொல்றேன், சரியான்னு பாருங்க" என்றாள் பானு. சீனியர் ஒருத்தி கொடுத்த நோட்ஸாம். சுருள் கம்பி துருவேறியிருந்தது. அதை அம்பிகா பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்பிகா முறத்திலிருந்து கையை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

"திண்டுக்கல் நகரில் வாழும் ஒரு பெண்ணுக்கு இரண்டாவதாகவும் பெண் குழந்தை பிறந்தது. காய்கறிச் சந்தை உள்ள பக்கத்து ஊரில் வாழ்ந்த அவரது தமக்கைக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை." பானுவின் தலை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "பிறந்த பதினேழாம் நாள், பச்சைக் கட்டம் போட்ட துண்டில் சுற்றி, குழந்தை தமக்கையிடம் ஒப்படைக்கப்பட்டது."

கண்ணைத் திறந்து சிரித்தாள். "இதுல ஒரு தமாசு பாருங்க சித்தி. எங்கூட்லயும் பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒண்ணு பீரோவுல இருக்குதுங்க. ஆஸ்பத்திரில இருந்து என்னைய அதுலதான் சுத்தி எடுத்துட்டு வந்தாங்களாம். அம்மா யாரையும் தொட உடாது."

அம்பிகாவின் கண் அந்த வரியிலேயே நின்றது. சமூகவியல் நோட்ஸில் யாராவது துண்டின் நிறத்தைப் போடுவார்களா? அன்றைக்கு விரல்கள் போட்டுவிட்டன.

"மேல சொல்றேன். இம்முடிவு குடும்பப் பெரியவர்களால்..." பானு நிறுத்தினாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள். நோட்ஸை இழுத்து, அந்தப் பக்கத்தை வாயசையாமல் இன்னொரு தடவை படித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். தேய்ந்துபோன மை, ஆனாலும் படிக்க முடிந்தது: மைதீன் நகலகம், திண்டுக்கல்.

"இது உங்க கடை நோட்ஸுங்களா?"

"ஆமா."

"நீங்க அடிச்சதுங்களா?"

"நான்தான்."

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் ஈயம் பித்தளை கேட்டுக்கொண்டு போனார். பானு மறுபடி நாற்பத்தோராம் பக்கத்துக்கே வந்தாள்.

"பன்னெண்டு வயசுல ஒரு கல்யாண வீட்ல ஒரு பொம்பள சொல்லிச்சுங்க, நீ அவ பெத்த புள்ள இல்லன்னு. அம்மாகிட்டக் கேட்டேன். ஒரு அறை உட்டாங்க. அப்புறம் ரெண்டு நாளு அவிங்களே சோறு திங்கல. அதுக்கு மேல நான் கேக்கல." அவள் குரல் உயரவில்லை. விரல் மட்டும் கடைசி வரியின் கீழே போய் நின்றது. "உங்களக் கேக்கவே இல்லீங்களா?"

அம்பிகா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானு சாக்கின் மேல் நகர்ந்து வந்து, அம்பிகாவின் முழங்கால் மேல் கையை வைத்தாள். சின்ன, ஈரமான கை. "இம்புட்டு நாளா எப்படீங்க இருந்தீங்க? பெரியவங்க கூடி முடிவு பண்ணி, பெத்தவளை ஒரு வார்த்தை கேக்காம... எங்கம்மாவுமா?"

அது முதல் தடவை. ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை வாயில் திண்டுக்கல் 'இம்புட்டு' வந்ததும் முதல் தடவை, அவளாக வந்து கையை வைத்ததும் முதல் தடவை. பண்டிகைக்குப் போனால் தூரத்தில் நின்று "வாங்க சித்தி" என்று சிரிக்கிற பிள்ளை. அம்பிகாவுக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. அசைந்தால் கை எடுபட்டுவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம், அது ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு இது போதும் என்று தோன்றியது.

பானுவின் போன் ஒலித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. மொச்சைப் பூ நிறத்தில் புடவை கட்டி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய நாகஜோதியின் படம். இந்த நேரத்துக்கு எதற்குக் கூப்பிடுவாள் என்று அம்பிகாவுக்குத் தெரியும். பிள்ளை சாப்பிட்டதா, பரீட்சைக்கு முன்னால் தயிர் ஊற்றிவிடாதே, சளி பிடிக்கும்.

பானு அந்தப் படத்தைப் பார்த்தாள். போனைக் குப்புறக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். அது தரையில் அதிர்ந்துகொண்டே கிடந்தது.

"எடு தாயி, அம்மா பேசுது."

"பேச மாட்டேனுங்க."

"பயந்துக்கிரும். எடு பானு."

"கேக்காமத் தூக்கிட்டுப் போனவங்கதான? இனி அவிங்க மொகத்துலயே முழிக்கப் போறதில்ல. பரீட்சை முடிஞ்சாலும் நான் இங்கயே இருந்துக்கறேன். இருக்கட்டுமுங்களா?"

போன் நின்றது. அம்பிகா மடியிலிருந்த முறத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அக்கா கேட்டுச்சு."

"என்னங்க?"

"உங்கம்மா என்னையக் கேட்டுச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. பெரியவங்க யாரும் முடிவு பண்ணல, அப்புறம்தான் அவுகளுக்கே சொன்னோம். நான்தான் எடுத்துக்கன்னு சொன்னேன்." நோட்ஸை விரலால் தொட்டுக் காட்டினாள். "அந்தக் கடைசி வரி நானாப் போட்டது. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அதைத் திட்டிராத."

பானு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்மேல் இருந்த கை எப்போது போயிற்று என்று அம்பிகாவுக்குத் தெரியவில்லை; அந்த இடத்தில் சேலை மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"எதுக்குங்க குடுத்தீங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் அம்பிகா வாயைத் திறந்தாள். பரண்மேல் மஞ்சள் பையில் இருக்கிறது பதில். இரண்டு தாள் பாக்கி இருந்தது என்று சொல்ல வேண்டும். எத்தனை ஆயிரம் பேருக்கு ஐந்து மதிப்பெண் விடையாகவும் பத்து மதிப்பெண் விடையாகவும் எழுதிக் கொடுத்தவள். நாளைக்குத் தேர்வெழுதப் போகும் பிள்ளையிடம் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காயை எடுத்து உரித்தாள். உள்ளே நாலு பருப்பு. இன்னொன்றை எடுத்தாள்.

"சித்தி, உங்களைத்தானுங்க கேக்கறேன்."

போன் மறுபடி ஒலித்தது. பானு கொஞ்ச நேரம் அதை ஒலிக்கவிட்டு, சித்தியின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு நோட்ஸை அப்படியே விரித்துப் போட்டுவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லும்மா" என்றபடி எழுந்து வெளியே போனாள்.