நைல் நதி எங்கே புறப்படுகிறது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரேசர் டவுனில் காலைப் பூசைக்கு நானும் என் மச்சான் சவரிராஜும் கொஞ்சம் தாமதமாகப் போனோம். மாதா கோயிலில் நிற்க இடமில்லை. ஆனால் ஒரு பெஞ்சில் மட்டும் ஒரே ஒரு ஆள்... மீதி இடமெல்லாம் காலி!

காக்கி உடுப்பு, கையில் கட்டு. ஆப்பிரிக்கப் பட்டாளத்துக்காரர். பர்மா யுத்தத்தில் அடிபட்டு, இங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் இருப்பவர். அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனமில்லை. அவரோ ஜெபப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சவரி நேரே போய் அவரை ஒட்டி உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின்னால். பூசை முடிந்ததும், "மச்சான், இவரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்றான். என் வீட்டுச் சாப்பாடு என்றால் அவனுக்குத் தாராளம் அதிகம்!

வந்தவர் பெயர் ஜோசப். ஊர் உகாண்டா. யுத்தத்துக்கு முன்னால் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். சவரியும் வாத்தியார், பூகோளமும் சரித்திரமும் நடத்துகிறவன். இரண்டு வாத்தியார்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் கேட்கவா வேண்டும்? ஆட்டுக்கறிக் குழம்பு ஆறிப்போயிற்று.

மனிதன் முதலில் தோன்றியது எங்கே? மத்திய ஆசியாவில் என்கிறது சவரியின் பாடப் புத்தகம். நான் பத்திரிகையில் படித்ததை எடுத்து விட்டேன். தென் ஆப்பிரிக்காவில் மிகப் பழைய மண்டையோடு கிடைத்திருக்கிறது, கிழக்கே ஏரிகளின் பக்கம் கல் கோடரிகள் கிடைக்கின்றன, ஆப்பிரிக்காதான் ஆதி ஊர் என்று சிலர் சொல்கிறார்கள் என்று. தெற்கா, கிழக்கா? பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

"ஆனா நாகரிகம் எகிப்துலதானே ஆரம்பம்? அதுக்குத் தெற்கே வெறும் காடுதானே?" சவரி ஆங்கிலத்தில் கேட்டேவிட்டான்.

ஜோசப் கோபப்படவில்லை. "நைல் நதி எங்கள் ஏரியிலிருந்து புறப்படுகிறது" என்றார். "எங்கள் ஊரில் ஓடும்போது அதற்குப் பெயர் காட்டாறு. எகிப்துக்குப் போனதும் நாகரிகம். தண்ணீர் ஒன்றுதான்." எகிப்துக்குத் தெற்கே, சூடான் பாலைவனத்திலும் பிரமிடுகள் நிற்பதைச் சொன்னார்.

சவரி கைகழுவ எழுந்தவன், அப்படியே நின்றுவிட்டான். "இத்தனை வருஷமா பையன்களுக்கு நான் இதைச் சொல்லவே இல்லையே, மச்சான்..."

அடுத்த நாளே தலைமையாசிரியரிடம் போனான், ஜோசப்பை வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்று. "பட்டாளத்துக்காரனையா? அதுவும் ஆப்பிரிக்காக்காரனையா? பையன்களைப் பெற்றவர்கள் என்ன சொல்வார்கள்?"

"பாடம் நடத்தத்தானே சார் கூப்பிடறேன், பொண்ணு பாக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, வேலைக்கு உலை வெச்சுக்காதே!"

பள்ளிக்கூடத்துக்குள் முடியாது என்றானதால், சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் பாடம். வகுப்பில் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். ஜோசப் ஒரு குச்சியால் ஈர மண்ணில் ஆப்பிரிக்காவை வரைந்தார்: ஏரிகள், பெரிய பள்ளத்தாக்கு, நெடுக நைல்.

"சார், உங்க ஊர்ல சிங்கம் இருக்கா?" என்றான் ஒருவன்.

"இருக்கிறது. ஆனால் என்னைச் சுட்டது மனிதன்தான்."

பையன்கள் சிரித்தார்கள். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அப்போ நாமளும் அங்கேருந்துதான் வந்தோமா, சார்?" இந்தக் கேள்வி சவரிக்கு.

"அப்படித்தான்னு சில பேர் சொல்றாங்கப்பா. எனக்கு நிச்சயமாத் தெரியாது. நம்ம புஸ்தகத்துக்கும் நிச்சயமாத் தெரியாது. அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன்."

கிளம்பும்போது ஜோசப் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலாந்து நதிகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தவன். என் ஊரைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இன்றுதான் முதல்முறை."

போன வாரம் அவர் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். யுத்தம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தால் வாத்தியார் வேலைதான் என்றார். சவரி அவருடைய அடிபடாத கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றான். ரயில் நகர்ந்த பிறகுதான் விட்டான்.

ஏரிக்கரையில் என்ன நடந்தது என்று தலைமையாசிரியர் விளக்கம் கேட்டிருக்கிறார். 'பூகோள வகுப்பு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் சவரி. இன்னும் பதில் இல்லை. வேலை நிலைக்குமா, தெரியவில்லை. அவன் என்னவோ நன்றாகத்தான் தூங்குகிறான்.

எனக்குத்தான் ஒரு கவலை. பரீட்சையில் மனிதன் தோன்றிய இடம் எது என்று கேட்டால் பையன்கள் என்ன எழுதுவார்கள்?

"மத்திய ஆசியான்னே எழுதட்டும், மச்சான். மார்க் வேணுமே!" என்றான் சவரி. "எழுதறப்ப சிரிச்சுக்குவானுங்க. அது போதும்."