ஏப்ரல் வரை திறக்காத யன்னல்

சுவிஸில், வின்டர்தூரில் எங்களுக்கு வீடு கிடைத்ததே பெரும்பாடு. எண்பதுகளின் நடுப்பகுதி அது. தமிழர் என்றதும் வீட்டுக்காரர்கள் ரெலிபோனை வைத்துவிடுவார்கள். கடைசியில் ஒரு அறையும் குசினியும் கிடைத்தன. எனக்கு ஏழு மாத வயிறு. இதுவும் போனால் திரும்ப அகதி முகாம்தான். பச்சைப்பிள்ளையோடு அங்கே காலடி வைக்கமாட்டேன் என்று மனுசனிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பரில் கீழ்வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. படிக்கட்டெல்லாம் கறி மணக்கிறதாம். கட்டடத்தைப் பராமரிக்கும் கிழவர் வாசலில் நின்று, இன்னொரு முறைப்பாடு வந்தால் வீடு இல்லை என்று கையால் வெட்டிக் காட்டிவிட்டுப் போனார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் யன்னலைத் திறந்து வைத்து மீன் பொரிப்போம் என்று யோசித்தேன். குசினிக்கு இருந்தது அந்த ஒரே யன்னல். குளிர்காலத்துக்கென்று அதற்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு கொழுவியிருந்தார்கள். உள்கதவைத் திறந்தால், இரண்டுக்கும் நடுவே மூலையில் வண்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாய், சிவப்பு முதுகில் இரண்டு கறுப்புப் புள்ளியோடு. விரலால் தட்டினேன். ஒன்று மல்லாந்து விழுந்து காலை மடக்கிக்கொண்டு கிடந்தது.

மனுசன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"எங்கட அரிசிச் சாக்கில இருந்து வந்ததெண்டுதான் சொல்லுவாங்கள். கிழவன் காண முதல் கொதிதண்ணியை ஊத்தும்."

"அரிசி வண்டு சிவப்போ?"

"அவனுக்கு உதெல்லாம் தெரியுமோ?"

அவர் போனதும் கேத்திலை வைத்தேன். தண்ணீர் கொதிக்கிற நேரம் பார்த்து மணி அடித்தது. கிழவர். சூடாக்கியைச் சரிபார்க்க வந்தாராம். வந்தவர் சூடாக்கியையா பார்த்தார்? நேரே யன்னலடிக்குப் போனார். நான் கேத்திலை மறைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை உள்ளே புரண்டது.

குனிந்தவரின் முகம் அப்படியே இளகிவிட்டது. அந்த வண்டு வீட்டுக்கு அதிர்ஷ்டமாம். எனக்கு விளங்கவேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சாகவில்லை. நித்திரை. குளிரில் இருந்தால் பிழைக்கும். சூடு பட்டால் எழும்பிவிடும். எழும்பினால் தின்ன ஒன்றும் இல்லை, செத்துப்போகும். ஏப்ரல் வரை இந்த யன்னலைத் திறக்காதீர்கள்."

விழுந்து கிடந்ததைக் கடதாசியால் ஏந்தி, மற்றவற்றோடு சேர்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வண்டுக்கு இவ்வளவு மரியாதை. என்னிடம் இருந்த அரைகுறை ஜெர்மனைத் திரட்டிக்கொண்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

"நாங்களும் ஏப்ரல் வரை இருக்கலாமோ?"

அவர் கோபிக்கவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இதுகள் குளிர்காலத்தில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. நீங்கள் சமைக்கிறீர்கள்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு கழுவி வைத்த மீனைப் பையில் கட்டி, கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். மனுசன் வந்து "சாப்பாடு இல்லையோ?" என்று கேட்டார். பாண் துண்டுகளையும் ஜாமையும் எடுத்து முன்னால் வைத்தேன்.

தை மாதம் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகமெல்லாம் வறுத்தரைத்துப் பத்தியக்கறி வைக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. மனுசனும் ஆசையாகச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். நான் எழும்பிப்போய் அடுப்பை நிற்பாட்டினேன். அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு பால் கொடுத்தேன். பால் போதாமல் அவள் வீறிட்டபோது, கீழ்வீட்டுக்குக் கேட்டுவிடுமென்று பயந்து, நெஞ்சோடு அணைத்துப் போர்வையை இருவர் தலைக்கும் மேலாக இழுத்துக்கொண்டேன்.