ஸ்வெட்டரின் அளவு

அண்ணன் பின்னிய ஸ்வெட்டர் ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை, பழைய செய்தித்தாளில் சுற்றி நாடாவால் கட்டப்பட்டு என் கைக்கு வந்தது. வாழைக்குருத்து விரிந்து இரண்டு நாள் ஆன பிறகு ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை. முன்பக்கம் ஐந்து வெள்ளைப் பொத்தான்கள். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது காகிதத்தின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினேன். அந்த வருஷத்து டைரி என்னிடம் இருக்கிறது. பொட்டலம் வந்தது, பஸ் தாமதமானது, வீடு சேர்ந்த மணி, எல்லாம் எழுதியிருக்கிறேன். எதையும் அளந்து எழுதுகிற நான் ஸ்வெட்டரை மட்டும் அளக்கவில்லை.

நாங்கள் அப்போது ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு மில்லில் நெசவுப் பிரிவில் வேலை. எனக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கிற வேலை. கல்யாணம் ஆகாத தங்கை என்பதால் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். இருமலில் ரத்தம் கண்டதும் அவரை ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஞாயிறு மத்தியானம் மட்டும் பார்க்க விடுவார்கள். குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. அண்ணனுக்கு ஒரே மகள், ஏழு வயது. பதினான்கு மாதமாக அவர் அவளைப் பார்க்கவில்லை. தான் தொட்டது ஏதாவது ஒன்று அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்கு அப்போது இருந்த ஒரே ஆசை. மிட்டாய் வாங்கித் தந்தால் நாங்கள் வழியிலேயே போட்டுவிட்டுப் போவோம் என்பது அவருக்குத் தெரியும்.

படுத்தபடியே செய்யக்கூடிய வேலை என்று வார்டு சிஸ்டர்தான் அவருக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். தறி ஓட்டிய மனிதருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "மில்லுல கெஜம் கெஜமா இறங்கும். இங்க ஒரு நாளைக்கு நாலு வரி. அதுலயும் ஒரு கண்ணி நழுவிச்சின்னா கீழ வரைக்கும் பேஜாரு" என்று சிரித்தார். சாயங்காலம் காய்ச்சல் ஏறினால் சிஸ்டர் ஊசிகளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார். ஐந்து மாதம் ஆயிற்று. முதுகும் முன்பக்கங்களும் தனித்தனியாக முடிந்து, கைகளைத் தோளில் சேர்க்கிற இடத்தில் மூன்று முறை பிரித்தார். பிரித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடப்பார், பிறகு எடுப்பார். முடிந்த அன்று அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். பொத்தான் விழுந்தால் தைக்க வேண்டும் என்று மிச்ச நூலில் ஒரு சின்ன உருண்டையும் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பிறகு பார்க்கவில்லை.

சிஸ்டர் என்னைத் தனியே அழைத்துத் தெளிவாகவே சொன்னார். "பருத்தின்னா இருபது நிமிஷம் கொதிக்க வைங்க. கம்பளிக்கு அது ஆகாது. மூணு நாள் நல்ல வெயில்ல போடுங்க, போதும்." அதையும் டைரியில் எழுதினேன். ஆனால் அந்த வாரம் முழுக்க மூடாப்பு. காலையில் பனி, மத்தியானம் தூறல், இடையில் சூரியன் பால் கிண்ணம் போல ஒரு நிமிஷம் தெரிந்து மறைந்தது. பொட்டலம் கொல்லைப்புறத்து ஆணியில் தொங்கியது. குழந்தை தினமும் அதன் கீழே நின்று, "அத்தே, அப்பா எனக்கு என்ன கலர்ல போட்டிருக்காரு?" என்று கேட்டாள். கையை நீட்டி எட்டப் பார்த்தாள். புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. வெந்நீர் அடுப்பில் பெரிய தவலையை ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். வெயிலை நான் நம்பவில்லை.

குச்சியால் தூக்கியபோது கனமாக, சிறியதாக இருந்தது. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எங்கே வரி, எங்கே தையல் என்று தெரியாமல் கெட்டிக் கம்பளமாகிவிட்டது. இழுத்தேன். அசையவில்லை. அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னம்மா இது, பொம்மைச் சொக்கா மாதிரி ஆயிடுச்சி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருக்கு. கொழந்த மேல அதப் போட எனக்குக் கை வந்திருக்காது. ஆனா உங்கண்ணங்கிட்ட சொல்லிடாத" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அண்ணன் கேட்டார்.

"போட்டுப் பாத்தாளா?"

"பாத்தாண்ணா."

"எப்டி இருக்கு?"

"கச்சிதம். அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அப்டியா" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் அவள ஒருவாட்டி கூட்டிக்கினு வா. நான் வராந்தாவுல நிக்கறேன். அதப் போட்டுக்கினு வரட்டும். தூரத்துலர்ந்து பாத்தா போதும்" என்றார்.

அதனால் நான் பின்னல் கற்றுக்கொண்டேன். எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட், பிரேசர் டவுன்காரி, என் வயதுதான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சொல்லித்தந்தாள். "ஃபைலைக் கட்டற மாதிரி ஏன் இறுக்கறே? அது எங்கேயும் ஓடிப் போவாது" என்று கையில் தட்டுவாள். கடைகடையாக மிச்ச நூலைக் காட்டி அதே பச்சை வாங்கினேன். சுருங்கிப்போனதை வைத்து எந்த அளவும் எடுக்க முடியவில்லை. ஆகவே குழந்தையையே நிறுத்தி, மார்பு, முதுகு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டேன். முதுகை எத்தனை முறை பிரித்தேன் என்று டைரியில் கோடு போட்டிருக்கிறேன்: பதினொன்று. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனிடம் ஒரு பொய் சொன்னேன். ஜலதோஷம், பள்ளிக்கூடத்தில் பரீட்சை, பஸ்ஸில் கூட்டம். அவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார்.

ஏழாவது வாரம் ஸ்வெட்டர் முடிந்தது. கடைசி நூல் முனையை உள்ளே செருகிக் கத்தரித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை ஒளிக்கப் போவதில்லை. குழந்தைக்குப் போட்டு, முன்னே பின்னே திருப்பிப் பார்த்தேன். எங்கும் தொய்வில்லை. கை மணிக்கட்டு எலும்பில் வந்து சரியாக நின்றது. அந்த நிமிஷத்தில் நான் அண்ணனை நினைக்கவே இல்லை. "அளவு சரி" என்று டைரியில் எழுதினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு கேட்டுக்கு வெளியே குழந்தையை அண்ணியோடு நிறுத்தினேன். வராந்தாவின் கோடியில் அண்ணன் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூணைப் பிடித்து நின்றார். குழந்தை "அப்பா" என்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அவரும் கையசைத்தார். வெகுநேரம் அசைத்தார். பிறகு சிஸ்டர் அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் வார்டுக்குள் போனபோது சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

"நல்லா வளந்துட்டா" என்றார். "ஆனா கையில மடிப்பு இல்லியேம்மா."

எனக்குப் புரியவில்லை.

"வளர்ற பொண்ணு, ரெண்டு வருஷமாவது போடட்டும்னு கை நாலு விரக்கடை நீளமா வெச்சேன். ரெண்டு மடிப்பு மடிச்சாத்தான் அவ விரல் தெரியும். நீ கச்சிதம்னு சொன்ன அன்னிக்கே தெரிஞ்சிடுச்சி." என் பக்கம் திரும்பினார். "எரிச்சிட்டீங்களா?"

"இல்லண்ணா. கொதிக்க வெச்சேன். சுருங்கிப் போச்சி."

"வெயில்ல போடச் சொன்னாங்களே."

"வெயிலே வர்லண்ணா."

அவர் தலையசைத்தார். "பயம்" என்றார். "பயப்பட வேண்டியதுதான். கொழந்தையாச்சே." கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "இது யாரு போட்டது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்லா வந்திருக்கு. தோள சேக்கற எடம் கஷ்டம்" என்றார்.

அண்ணன் மகள் இப்போது ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறாள். அந்த ஸ்வெட்டர் ஒரே குளிர்காலத்துக்குத்தான் அவளுக்கு உதவியது. அடுத்த வருஷம் கை முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது. அதை அவள் தூக்கிப் போடவில்லை. விடுதிக்குப் போகும்போது பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போனாள். அறைத் தோழிகளிடம் "எங்கப்பா போட்டது" என்று காட்டியிருக்கிறாள். அவர்கள் தொட்டுப் பார்த்து, ஓர் ஆண்பிள்ளையா இப்படிப் பின்னினார் என்று வியந்தார்களாம். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். தலையசைத்தேன். அவளிடம் அவள் அப்பா கைபட்ட பொருள் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

நான் ஸ்வெட்டரைப் பின்னி முடித்த வருஷமே, ஆவணியில் அண்ணன் இறந்தார். தான் பின்னிய பச்சை ஸ்வெட்டரை முடித்த கையோடு அண்ணிக்காக ஒரு மஃப்ளர் தொடங்கியிருந்தார். கேட்டில் குழந்தையைப் பார்த்த இரண்டாவது ஞாயிறு நான் போனபோது, அதுவரை பின்னியதையெல்லாம் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார். உருண்டை பக்கத்துக் கட்டில்காரருக்குப் போயிற்று. ஊசிகள் இரண்டையும் ஒரு காகிதத்தில் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இனிமே வேணாம். நீதான் போடறியே, ஒதவும். கொதிக்க வெச்சிட்டு எடுத்துக்கோ."

குரலில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து தவலையில் போட்டு இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். எஃகு ஊசிகள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.