மூன்று மாதம் புகையில்லாமல்

ஆறு வருஷம் என்னை மட்டும்தான் சோதித்தார்கள். இரத்தம், ஸ்கேன், மாத்திரை எல்லாம் எனக்கு. றொசல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அன்றைய வேலையை விட்டுவிட்டு டவுன் கிளினிக்குக்கு பஸ் ஏறியதும் நான்தான். என் கணவரை ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது வளைகாப்பு என்றால் வளையல் போட என்னை அழைக்கமாட்டார்கள், பலகாரத் தட்டு மட்டும் வீடு தேடி வரும்.

போன வருஷம் வந்த புது டொக்டரம்மாதான் முதலில் கேட்டார், "வீட்டுக்காரர் எங்க?" என்று. அவரைச் சோதித்தார்கள். விந்தில் உயிரணுக்கள் குறைவு, இருப்பவற்றுக்கும் ஓட்டம் போதாது. என்ன வேலை என்று கேட்டார். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறார் என்றேன். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும், புகையில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, வீட்டுக்கு வந்தும் சளி கறுப்பாக வரும்.

புகையும் சூடும் ஆணின் விந்தைக் கெடுக்கலாம், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டரம்மா. புது உயிரணு உருவாகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை அவரைப் புகையில் விடவேண்டாம் என்று ஃபெக்டரிக்குக் கடிதம் கொடுத்தார். கலியாணமான புதிதில், வேலை பிரித்துக்கொடுக்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சி அந்த வேலையை அவருக்கு வாங்கிக்கொடுத்தவளே நான்தான். மலையில்போல் அட்டை கடிக்காதே என்று நினைத்தேன், மடச்சி.

நான்கு நாள் கழித்தும் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

"குடுத்தா தோட்டமே சிரிக்கும்டி" என்றார்.

"ஆறு வருஷமா என்னையப் பாத்துச் சிரிச்சாங்களே, அப்ப உங்க காது அடைச்சிருந்துச்சா?"

மறுநாள் நானே ஃபெக்டரிக்குப் போய் அங்கே பொறுப்பாக இருக்கும் டீமேக்கரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதே அடுப்புல எத்தன பேரு வேல செஞ்சிருக்காங்க? அவங்களுக்கெல்லாம் புள்ள இல்லையா?"

"இருக்கிறவங்களத்தான் சொல்றீங்க, ஐயா. இல்லாதவங்க எத்தன பேரு, பழியப் பொண்டாட்டி மேல போட்டுட்டு இருக்காங்கன்னு கேட்டீங்களா? அங்க நிக்கிறவங்களுக்கு மூஞ்சிக்குக் கட்ட ஒரு நல்ல மாஸ்க்காவது குடுத்தீங்களா?"

சுற்றி நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே சத்தமாகத்தான் பேசினேன்.

அடுத்த வாரம் அவரைத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு மாற்றினார்கள். புகைபோக்கியைச் சரிசெய்யும் பேச்சே எழவில்லை. ஆளை மாற்றினால் அவர்களுக்கு வேலை முடிந்தது.

அன்று சாயந்தரம் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் பெண் ஓடி வந்தாள். தையில்தான் அவளுக்குக் கலியாணம் நடந்தது. ஃபெக்டரியில் நான் பேசியது அவள் காதுக்கு எட்டவில்லை போல.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஃபெக்டரி வேல கெடச்சிருச்சு! அடுப்புக்குப் போட்டிருக்காங்க!"

உண்மையைச் சொன்னால் அவள் புருஷன் அடுப்புக்குப் போகமாட்டான். என் கணவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்தில் ஒரு நாள்தான் கழிந்திருந்தது.

"நல்லதும்மா" என்றேன்.