புளி போட்டுத் துலக்கிய ப்ளக்

என் தம்பி யாகப்பன், என்ஜினில் தீப்பொறி போடும் ப்ளக்கைக் கழற்றியதும் முதலில் முகர்ந்து பார்ப்பான். பிறகு அதை இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுப்பான். கோடு பிசுபிசுத்தால் என்ஜின் எண்ணெய் மேலே ஏறுகிறது. பொடியாக உதிர்ந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ப்ளக் செங்கல் நிறத்தில் இருந்தால் மட்டும் சிரிப்பான். "இது நல்ல புள்ளைங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்வான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே அவனுடைய தகரக் கொட்டகை. எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கோயிலுக்குப் போனால் கேட்காதவர்களிடமும் இதை நான் சொல்லிவிடுவேன். எந்த வண்டியானாலும், கழற்றிய ப்ளக்கை அதன் சொந்தக்காரர் பார்க்கும்வரை துடைக்க மாட்டான். ஜன்னல் கட்டையில் காகிதம் விரித்து வைத்துவிடுவான். "நாஞ் சொன்னா வாய்ப்பேச்சுங்க. அவிங்களே பாக்கட்டும்" என்பான். இந்த வழக்கம் போன தவக்காலம்வரை எனக்குத் தெரியாது.

அப்போது ஆட்டையாம்பட்டி நூல் வியாபாரி சுவாமிநாதன், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வண்டியைக் காலையில் தள்ளிக்கொண்டு வந்தார். மாதத்தில் மூன்றாவது தடவை. "புது ப்ளக்குனு சொல்லிப் பழசப் போட்டுத் தாரியா, யாகப்பா?" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வருவதாகப் போனார். தம்பி கழற்றிப் பார்த்தான். வறட்டுக் கரி. குளிரில் என்ஜின் கிளம்புவதற்காகக் காற்றை அடைக்கும் சோக்கை, அவர் திறக்காமலே நாளெல்லாம் ஓட்டியிருக்கிறார்.

மதியம் நான் சோறு கொண்டுபோனபோது தம்பி வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான். ஜன்னலில் அந்த ப்ளக் கன்னங்கரேலென்று இருந்தது. அடுப்புக்கரியோடு ஒரு கரண்டி கிடந்தாலும் எனக்குக் கை நிற்காது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மரை மரையாகத் துலக்கி, வெயிலில் காயவைத்து, அதே காகிதத்தில் கொண்டுவந்து வைத்தேன். தம்பி சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பாத்திரம் எடுக்கப் போனேன். சுவாமிநாதன் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

"கரி புடிச்சிருக்குதுங்க, பாருங்க" என்று தம்பி காகிதத்தோடு எடுத்து நீட்டினான்.

"எங்கப்பா கரி? குத்துவெளக்காட்டம் மின்னுது" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள்.

தம்பி குனிந்து பார்த்தான். ப்ளக்கின் முனை இடுக்கில் புளி நார் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

"நாந்தானுங்க மறந்துபோயித் தொடச்சுப்போட்டேன். சோக்கத் தெறந்து நாலு மைல் ஓட்டிப் பாத்தீங்கன்னா..."

"நீ தொடைப்பே, ஏன் தொடைக்க மாட்டே" என்றார் சுவாமிநாதன். மூன்று பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் அவர் என் தம்பியை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. கேட்காதவர்களிடமெல்லாம் பேசுகிற நான் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

மறுநாள் மதியம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தம்பி ஒரு ப்ளக்கைக் கழற்றிக் காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நேத்து அந்த ப்ளக்கு..."

"இன்னிக்கி என்ன கொழம்பு, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே, காகிதத்தை ஜன்னலிலிருந்து எடுத்து, எனக்கு எட்டாத மேல் பலகையில் வைத்தான்.