அவிழ்க்காத முடிச்சுகள்

1986 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் என் மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நேரம் அது. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் சின்னாளபட்டி அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது. அவர் கணவரும் உள்ளேதான் இருந்தார். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவருக்கு. ‘முருகா’ என்று சொல்லும்போதெல்லாம் முந்தானையில் நூலால் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டார்.

“இதெல்லாம் சாமிக்குக் கேக்குமாம்மா?” என்றேன்.

“அது தெரியாதுண்ணே. சும்மா இருந்தா கை நடுங்குது. நீங்க அந்த வாச்சைத் திருகியே உடைச்சிருவீங்க போலயே.”

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, என் மனைவி கண் விழித்துவிட்டதாகச் சொன்னார். நான் எழுந்ததும் அந்த அம்மாள் முந்தானையை நீட்டினார்.

“இந்த ஓரத்து முடிச்சு உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் போட்டது. நல்லானதும் அவுத்துரணும். நீங்களே அவுத்துட்டுப் போங்க.”

அதை அவிழ்த்தேன். அவர் கணவருக்குப் போட்ட மற்ற முடிச்சுகள் அப்படியே இருந்தன.

மாலையில் வந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அவற்றையும் அவர் அவிழ்த்தாரா என்பது தெரியவில்லை. அதை எழுத நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் விட்டிருக்கிறேன்.