பட்டி வைக்காத மட்கார்டு

முதலிபாளையத்தில் அருள்குமார் எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பட்டி அருள் என்று கேட்டால் வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கரண்டியால் வழி காட்டுவார். பட்டி என்பது டின்னில் வரும் பசை. நசுங்கிய தகரத்தில் அதை அப்பி, காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் வண்டியைச் செய்தவனுக்கே அடையாளம் தெரியாது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் டிங்கரிங் ஷெட் போட்டுப் பதினெட்டு வருஷமாக அருள்குமார் செய்தது இதைத்தான். பனியன் கம்பெனி வேன்களுக்கு அது போதும். சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிட்டு, "காலைல லோடு இருக்குதுங்க" என்பவரிடம் தகரத்தை வெட்டி மாற்றுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த தடவை வேறு ஷெட்டுக்குப் போய்விடுவார்.

வேலை தெரியாதவர் இல்லை அவர். இளவயதில் கோயமுத்தூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் தகரத்தைச் சுத்தியாலேயே வளைத்தவர். அதனால்தான் அந்தப் பெயர் அவருக்கு அவ்வளவு கசந்தது. போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையிலேயே 'பட்டி அருள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார். கல்யாணத்துக்குப் போகவில்லை.

மாசி மாதம் மகுடேஸ்வரன் ஒரு பழைய அம்பாசடரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பனியன் கம்பெனி வைத்திருப்பவர். வண்டி அவருடைய காலமான அப்பா லிங்கசாமியுடையது. சேவூர்த் தோட்டத்தில் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றதில் கதவுக்குக் கீழே விரல் வைத்தால் விரல் உள்ளே போனது.

"தங்கச்சி இந்துமதி புள்ளைக்குக் காதுகுத்து வெச்சிருக்குதுங்க. தாய்மாமன் சீரு அப்பா வண்டியிலதான் போகோணும். பட்டி மட்டும் வேண்டாமுங்க, தகரத்துக்குத் தகரம் போட்டுக் குடுங்க. முடியுங்களா?"

கேட்கும்போதே அவர் பார்வை மூலையில் அடுக்கியிருந்த பட்டி டின்களின் மேல் இருந்தது.

"முடியுமுங்க. ஒரு சொட்டுக்கூட இருக்காது," என்றார் அருள்குமார். ஒரே ஒரு வண்டி, பட்டி தொடாமல் வெளியே போய்விட்டால் போதும் என்று பல வருஷமாக நினைத்திருந்தவர்.

இரண்டு மாதம் வேன்காரர்களைத் திருப்பி அனுப்பினார். அரித்த தகரம் கீழே விழும்போது அப்பளமாக நொறுங்கியது. தரை, கதவின் அடிப்பாகம், முன் மட்கார்டுகள் எல்லாம் புதுத் தகட்டில் வந்துவிட்டன. எஞ்சினை ஒரு மெக்கானிக் வந்து ஓட வைத்துவிட்டுப் போனார். மிச்சம் வலது பின் மட்கார்டு. சக்கரத்துக்கு மேலே வளையும் பாகமே அங்கே இல்லை. இடது பக்கம் நன்றாக இருந்ததால் அதை அளவெடுத்துத் திருப்பிப் போட்டால் ஆயிற்று. அளவெடுத்து அட்டை வெட்டியது அவர் மனைவி அன்புசெல்வி. அவள் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்ட அட்டையில் அளவு போட்டுக் கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர். பதினாலு வருஷத்தில் அவள் அட்டையால் ஒரு ஆர்டர் திரும்பியதில்லை. அருள்குமாருக்கு அவள் அளவென்றால் சாமி வாக்கு. சரிபார்க்காமலே தகடு வெட்டி, மணல் மூட்டையில் வைத்து மூன்று நாள் தட்டி வளைத்து, ஓரத்தையும் மடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. வெள்ளிக்கிழமை மதியம் வண்டியில் வைத்துப் பார்த்தால் வளைவு விரல்கடை மேலே ஏறி நின்றது. அன்புசெல்வி அட்டையை வாங்கி இன்ச் டேப்பால் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"நாந்தானுங்க. துணி தொவச்சாச் சுருங்கும்னு நூத்துக்கு அஞ்சு கூட வெப்பமல்ல, கை தானா வெச்சுருச்சு."

"தகரம் எந்த வாஷிங்ல புள்ள சுருங்கும்?" என்று கத்தினார். கத்தியதும் அவருக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மடித்த ஓரத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகச் செய்ய நாலு நாள் வேண்டும்.

வெல்டிங் வைத்து, மேடு பள்ளத்தைப் பட்டியால் நிரவினால் இரண்டு மணி நேர வேலை. அருள்குமார் டின்னைத் திறந்தார். பலகையில் பட்டியை எடுத்து, மருந்து கலந்து குழைத்து, பூசும் கரண்டியை அதன்மேல் ஏந்தியபடி மட்கார்டு முன்னால் நின்றார். குழைத்த பட்டி பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். அவர் நின்றுகொண்டே இருந்தார். அது பலகையிலேயே கல்லாகிப் போனது.

மறுநாள் காலை மகுடேஸ்வரன் வந்ததும் மறைக்காமல் காட்டினார். "தப்பு எங்க கையில ஆயிப்போச்சுங்க."

மகுடேஸ்வரன் வண்டியைச் சுற்றி வந்தார். "பட்டி வெச்சா இன்னிக்கே முடியுங்களா?"

"முடியுமுங்க. நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க."

"அப்பறம் ஏனுங்க எங்கிட்டச் சொல்றீங்க?"

"தகரத்துக்குத் தகரம்னு சொல்லிட்டனுங்க."

மகுடேஸ்வரன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இப்புடியே ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க. பாக்கத்தான் அசிங்கமா இருக்கும்."

சேராத தகட்டை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, மகுடேஸ்வரன் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். வலது பின் சக்கரம் மேலே மூடாமல் தெரிந்தது.

ஞாயிறு முழுக்க அருள்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை சொந்தக்காரர் முன்னால் ஒரு மனுஷனின் சீரைக் கெடுத்துவிட்டோம், பட்டியே வைத்துத் தொலைத்திருக்கலாம் என்று நூறு தடவை நினைத்தார். அன்புசெல்வியும் அதையேதான் நினைத்தாள், சொல்லவில்லை.

திங்கட்கிழமை வண்டி திரும்பி வந்தது.

"எறங்கறதுக்குள்ள கேட்டுப்போட்டாங்க, இப்புடி ஓட்டையோட குடுத்தது யாருன்னு," என்றார் மகுடேஸ்வரன். "முதலிபாளையத்துல அருள்குமார்னு ஒருத்தருன்னேன்."

"பட்டி அருளுன்னு சொன்னாத்தானுங்க எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லலாமுங்க. அந்த ஓட்டைய வெச்சுக்கிட்டுச் சொன்னா எவன் நம்புவான்?"

அருள்குமார் சிரித்துவிட்டார். கம்பெனிக்குப் போயிருந்த அன்புசெல்விக்குப் போன் போட்டு, சாயங்காலம் மட்கார்டுக்குப் புது அட்டை கொண்டுவரச் சொன்னார்.